ரெண்டு பந்து தெரியுது சார்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாமுங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. போன்ல பதிவு பண்ணிக்கிறீங்களா? பண்ணிக்குங்க. நம்ம கிளப்புப் பொன்விழா மலருக்கு என்னப் பத்தி ரெண்டு பக்கம் எழுதப் போறீங்கன்னு செயலாளர் சொன்னாருங்க. 'சக்கரத்தின் மேல் அம்பது ஆண்டுகள்'னு தலைப்புகூட வெச்சாச்சாமா.

நீங்க என்ன கேக்க வந்தீங்களோ அத முதல்ல சொல்லிப்போடறேன். அப்புறம் நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குதுங்க. அத எழுதறதும் விடறதும் உங்க இஷ்டம். இல்ல. இஷ்டமெல்லாம் இல்லீங்க, எழுதோணும்.

எம்பேரு குழந்தைவேலு. வயசு அறுபத்தெட்டு. பதினேழு வயசுல மில்லுல அப்பரண்டிசா சேந்தேன். முதலாளி பையன் வெளிநாட்டுல படிச்சுப்போட்டு வரையில ரோலர் ஹாக்கியக் கூடவே கொண்டுட்டு வந்தாரு. ஷூவுக்கு அடியில நாலு சக்கரம், கையில வளைஞ்ச மட்டை, கல்லு மாதிரி ஒரு பந்து, பக்கத்துக்கு அஞ்சு பேரு. பஞ்சு குடோன் சிமெண்டுத் தரையிலதான் ஆட்டம். எல்லாருக்கும் ஓடிப் போயி கோல் அடிக்க ஆச. கோலுக்கு நிக்க ஒருத்தனும் வரல. நான் நின்னேன். கால்ல சாக்கச் சுத்திக்குவேன், முகத்துக்கு ஒண்ணும் கிடையாதுங்க. இந்தா பாருங்க, இந்தப் புருவத்துக்கு மேல. ஆறு தையல். முதல் மாசத்துலயே. தையல் போட்ட அன்னிக்கே வந்து மறுபடி நின்னேன். மில்லு ஆளுக பூராப் பேரும் கை தட்டுனாங்க. அந்தத் தட்டு இன்னும் காதுல இருக்குதுங்க தம்பி.

பதிமூணு வருசம் ஆடுனேன். அகில இந்திய கிளப் போட்டியில மூணு தடவ ஃபைனல். மூணுலயும் தோல்வி. மூணாவதுல கடைசி நிமிசத்துல ஒரு கோல் என்ற ரெண்டு காலுக்கு நடுவுல போச்சு. அத எழுத வேண்டாம். சரி, எழுதுங்க, என்ன இப்ப. அதுக்கப்புறம் கோச். முப்பத்தஞ்சு வருசமுங்க. எத்தன புள்ளைக, எத்தன பசங்க, ரயில்வேல இருக்கான் ஒருத்தன், போலீஸ்ல இருக்குது ஒரு புள்ள. கப்பெல்லாம் அந்த அலமாரியில இருக்குது, போகையில போட்டோ எடுத்துக்குங்க.

அதுல பெரிசு ஒண்ணு இருக்குதில்லீங்க, அது தொண்ணூத்தொம்பதுல வாங்குனது. பொம்பளப் புள்ளைக டீம். அதுக்கு ஒரு கத இருக்குது. நீங்ககூடக் கேட்டிருப்பீங்க, நான் ஏறாத மேடையில்ல, சொல்லாத மேடையில்ல. ஃபைனல் இடைவேளை. கோல்கீப்பர் புள்ள ஓடியாந்து, "சார், பந்து ரெண்டாத் தெரியுதுங்க சார்"ங்குது. நான் சொன்னேன், "அதுக்கென்ன கண்ணு, ரெண்டையும் புடி!" புள்ள போயி ரெண்டையும் புடிச்சுப்போட்டா, கப்பு வந்துருச்சு! இப்பிடிச் சொன்னா கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். இருபத்தஞ்சு வருசமாச் சிரிச்சாங்க. கலெக்டரு ஒருத்தரு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாருங்க. என்ற ஊட்டுக்காரி மட்டும் அந்தக் கதைக்கு ஒரு நாளும் சிரிச்சதில்ல. ஏன்னு நானும் கேட்டதில்ல.

நீங்களும் சிரிச்சீங்க தம்பி. தப்பில்ல. நான் சொன்ன விதம் அப்பிடி.

அந்தப் புள்ள பேரு திலகவதி. திலகான்னு கூப்புடுவோம். அப்பா கருப்பணன் விசைத்தறி ஓட்டறவரு, அம்மா ராஜாமணி அதே தறிக்கு நூல் தார் சுத்திக் குடுக்கறவங்க. மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துல போயி ஆள் பொறுக்குனேன், அப்ப வாத்தியாரம்மா வீசுன டஸ்டர எட்டு அடி தள்ளி நின்னு ஒத்தக் கையில புடிச்சா. அன்னிக்கே கிளப்புக்கு வரச் சொல்லிப்போட்டேன். பதினாலு வயசு. ரெண்டு வருசத்துல நான் பாத்த கோல்கீப்பர்லயே அவதான், அவதானுங்க. நான்கூட இல்ல. பந்து மட்டையில பட்டுக் கிளம்பறதுக்கு முன்னாலயே அவ ஒடம்பு அந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்.

வடக்க ஒரு ஊருல போட்டி. செமி ஃபைனல் முடிய நாலு நிமிசம் இருக்குது, எதிர் டீம் புள்ள ஒருத்தி பந்தத் தள்ளிக்கிட்டு முழு வேகத்துல வர்றா. திலகா மண்டி போட்டு மறிக்கறா. வந்த வேகத்துல அவ இவ மேல ஏறிட்டா. திலகா பின்னால சாஞ்சு, பின்மண்ட போயி கோல் போஸ்ட்டு இரும்புல 'ணங்'குன்னு... தலையில ஹெல்மெட்டு இருந்துச்சுங்க. இருந்தும் அந்தச் சத்தம் எதிர்த்த கேலரி வரைக்கும் கேட்டுச்சு. நான் எந்திரிச்சேன். அவளும் எந்திரிச்சுட்டா. கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். மூணுக்கு ரெண்டுன்னு ஜெயிச்சோம்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஃபைனல். காலையில புள்ளைக டிபன் சாப்புடற எடத்துல திலகா ஒரு ஓரமாச் சுவத்தப் புடிச்சுக்கிட்டு வாந்தி எடுக்கறா. போனேன். "என்ன கண்ணு?"ன்னேன். "தலையெல்லாம் இடிக்குதுங்க சார். வெளிச்சத்தப் பாக்க முடியல. செண்பகத்த இறக்குங்க சார்"னா.

செண்பகம்ங்கறது ரெண்டாவது கோல்கீப்பர். அவளும் நல்லாத்தான் ஆடுவா. பேடு கட்டி ரெடியா உக்காந்திருந்தா. ஆனா தம்பி, நல்லா ஆடறவ வேற, திலகா வேற. நான் மூணு ஃபைனல் தோத்தவன். நாலாவதா ஒண்ணு தோக்க எனக்குத் தெம்பு இல்லீங்க.

"வெயிலு சேரல உனக்கு. எலுமிச்ச ஜூஸ் குடி, சரியாப் போயிரும்"னு சொன்னேன். மார்கழி மாசமுங்க அது. வடக்க. நாங்க பூராப் பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கறோம், நான் வெயிலுங்கறேன்.

கிரவுண்டுல டாக்டர் ஒருத்தர் இருந்தாரு. முதல் நாள் அடி பட்டதப் பாத்திருப்பாராட்ட இருக்குது, வந்து "அந்தக் குழந்தையக் கொஞ்சம் பாக்கட்டுமா?"ன்னு கேட்டாரு. "வேண்டாமுங்க, நல்லாயிருக்கறா"ன்னு நாந்தான் அனுப்பிச்சு வெச்சேன்.

இடைவேளையிலதான் அந்த ரெண்டு பந்து. அது நெசமுங்க, நான் கட்டுன கத இல்ல. "சார், பந்து ரெண்டாத் தெரியுது, செண்பகத்த இறக்குங்க சார், கெஞ்சிக் கேக்கறேன்"னா. நான், "ரெண்டையும் புடி"ன்னேன். சுத்தி நின்ன புள்ளைக சிரிச்சுட்டாங்க. அவ சிரிக்கல. ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டுப் போயிட்டா.

ரெண்டாவது பாதியில பதினோரு பந்து தடுத்தாளுங்க. பதினொண்ணு! அதுல ஒண்ணு, எட்டு மீட்டர்ல இருந்து நேரா அடிச்சது, அத அவ எப்பிடி எடுத்தான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும்... பாருங்க. பாத்தீங்களா? இப்பவும் எண்ணிக்கிட்டு இருக்கறேன். அந்த நேரா அடிச்சது எங்க பட்டுச்சு தெரியுமுங்களா? அவ மொகமூடியில. தலை பின்னால போயி வந்துச்சு. அத நான் 'எடுத்தா'ங்கறேன்.

ஒண்ணுக்குச் சைபர். கப்பு கையில வந்துருச்சு. என்னத் தோள்ல தூக்கிக்கிட்டாங்க. மேல இருந்து பாக்கறேன், அவ தரையில உக்காந்து ஒரு ஸ்கேட்டக் கழட்டிப்போட்டு இன்னொண்ண எப்பிடிக் கழட்டறதுன்னு தெரியாம அதையே பாத்துக்கிட்டிருக்கறா. பாத்தேனுங்க. பாக்கலைன்னு சொன்னாப் பொய்யி.

ரயில்ல வர்ற வழி பூராவும் மேல் பர்த்துல படுத்தே கெடந்தா. இது என்ன ஊருன்னு கேட்டா, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அதையே கேட்டா. ஈரோடு தாண்டையில நான் ஏறிப் போயி அவ பக்கத்துல உக்காந்தேன். "கண்ணு, தலையில பட்டுதுன்னு ஊட்டுல சொல்லிறாத. அப்பறம் உங்கப்பா உன்ன அனுப்ப மாட்டாரு. எந்த அப்பனும் எந்தப் புள்ளையையும் அனுப்ப மாட்டான், டீமே கலைஞ்சு போயிரும். சத்தியம் பண்ணு"ன்னேன். கைய நீட்டினா. படுத்துக்கிட்டேதான் நீட்டினா.

ஸ்டேசன்ல மாலையோட நின்னாங்க எல்லாரும். ராஜாமணியம்மா நேரா எங்கிட்ட வந்து, "ஏனுங்க சார், புள்ள மொகமே செத்துக் கெடக்குதுங்களே?"ன்னாங்க.

"ஒண்ணுமில்லீங்க. சாப்பாடு ஒத்துக்கல. வாந்தி. ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்"னேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்தம்மா வேற ஒண்ணும் கேக்கலீங்க. தலையக் குனிஞ்சுக்கிட்டுப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. டாக்டருகிட்டப் போயிருக்கறாங்க. சார் சொன்னதச் சொல்லியிருக்கறாங்க. அவரு வயித்துக்கு மருந்து குடுத்திருக்கறாரு.

அதுக்கப்புறம் நாலு நாளு பயிற்சிக்கு வந்தா. லைட்டு போட்டா கண்ணுக்குக் கையக் குடுத்துக்குவா. அஞ்சாம் நாள் வரல. செண்பகம் வந்து, "சார், திலகாவுக்குத் தலை கனமா இருக்குதாமா, இனி வரமாட்டாளாமா"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? "ஆமா, தலக்கனம்தான்! ஒரு கப்பு வாங்குனதும் ஏறிருச்சு"ன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க. நான் தமாசாப் பேசறவன்னு எனக்குப் பேரு தம்பி.

ஒரு தடவகூட அவ ஊட்டுக்குப் போகல. நாலு கிலோமீட்டருதானுங்க. எனக்கு அவ மேல மனத்தாங்கல். இத்தன சொல்லிக் குடுத்தோம், விட்டுப்போட்டுப் போயிட்டாளேன்னு. நெசமாலுமே மனத்தாங்கலுங்க, நடிப்பில்ல. வருசம் போகப் போக எனக்கே அந்த ரயிலும் சத்தியமும் மறந்து போச்சு. கத மட்டும் மிச்சம் இருந்துச்சு. சொல்லச் சொல்ல நல்லா வந்துச்சு.

இந்த வருசம் ஜனவரியில ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக் கூப்புட்டாங்க. போனேன், சொன்னேன், சிரிச்சாங்க. மேடையிலிருந்து இறங்கையில ஒரு பொம்பள படிக்கட்டுக்குப் பக்கத்துல நிக்கறாங்க. நாப்பது வயசிருக்கும். கறுப்புக் கண்ணாடி.

"நல்லாயிருக்கீங்களா சார்? என்னத் தெரியுதுங்களா?"

தெரியலீங்க. "எந்த பேட்ச்சுமா நீ?"ன்னேன்.

"இப்ப ஒரு கோல்கீப்பரப் பத்திச் சொன்னீங்களே சார். அது நாந்தானுங்க."

நான் என்ன பண்ணியிருக்கோணும்? கையப் புடிச்சு ஒரு ஓரமாக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கோணும். நான், "ஹெட்மாஸ்டர், இங்க வாங்க, இங்க வாங்க! இவதான் அவ!"ன்னு ஊரக் கூட்டுனேன். பக்கத்துல நிறுத்தி போட்டோ எடுக்கச் சொன்னேன். கண்ணாடியக் கழட்டும்மான்னேன். "ஃப்ளாஷ் சேராதுங்க சார்"னா. அப்பக்கூட எனக்கு உறைக்கலீங்க.

கூட்டம் கலைஞ்சதுக்கப்புறம் சொன்னா. சத்தமே போடல. "சார், ரெண்டு பந்து தெரியுதுன்னு மட்டும் நான் சொல்லல. செண்பகத்த இறக்குங்கன்னும் சொன்னேன். காலையில ஒருக்கா, இடைவேளையில ஒருக்கா. அடுத்த தடவ அதையும் சேத்துச் சொல்லுங்க சார். அப்பவும் சிரிக்கறாங்களான்னு பாக்கலாம்."

அதுக்கப்புறம் என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன்.

பிளஸ் டூ ஃபெயிலாம். அஞ்சு நிமிசம் படிச்சா எழுத்து ஓடுமாமா. நர்சுக்குப் படிக்கோணும்னு இருந்தவ. இருபத்தோரு வயசுல கீழ விழுந்து பெரியாஸ்பத்திரியில தலைய ஸ்கேன் எடுத்தப்ப, எப்பவோ அடி பட்டு ரத்தம் கட்டி ஆறுன தடம் இருக்குதுன்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு. கல்யாணம் ஆச்சு, ஒரு பையன், அதே பள்ளிக்கூடத்துல படிக்கறான். ஊட்டுக்காரரு லாரி டிரைவரு, அதனால அப்பா அம்மா கூடத்தான் இருக்கறா. அங்கன்வாடியில உதவியாளரா வேல. அதுவும் மத்தியானத்துக்கு மேல முடியறதில்ல, புள்ளைக சத்தம் தலைக்குள்ள போயிருமாமா.

"ஊட்டுல சொல்லவே இல்லியா கண்ணு?"ன்னேன்.

"சொன்னேன் சார். டாக்டரு சொன்ன அன்னிக்கே சத்தியத்த மீறிச் சொல்லிப்போட்டேன். அவங்கதான் நம்பல. சார் பொய் சொல்லுவாரா, சாரே சாப்பாடுன்னாரேங்கறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

"வர்றேன் கண்ணு, இந்த வாரமே வர்றேன்"னேன்.

எட்டு மாசம் ஆச்சுங்க. முட்டி வலின்னேன். மழைன்னேன். ஆடி மாசம்னேன், துக்கத்துக்கும் ஆடிக்கும் என்ன சம்பந்தம்? பஸ் ஏறி அவ ஊட்டு ஸ்டாப்பு வரைக்கும் போயி இறங்காமத் திரும்பி வந்திருக்கறேன், ரெண்டு தடவ. அப்பத்தான் செயலாளரு போன் பண்ணுனாரு. வாழ்நாள் சாதனையாளர் விருதுங்க, மலர்ல அந்தக் கப்புப் போட்டோ முழுப் பக்கம்னாரு. அன்னிக்கு ராத்திரி ஊட்டுக்காரிகிட்ட முதல் தடவையா அத்தனையும் சொன்னேன். அவ, "எனக்கென்னத்துக்குச் சொல்றீங்க, சொல்ல வேண்டிய எடத்துல போயிச் சொல்லுங்க"ன்னு செருப்ப எடுத்து வாசல்ல போட்டா.

போன செவ்வாக்கிழமை, மத்தியானம் பன்னெண்டரைக்குப் போனேன். ராஜாமணியம்மாதான் முன்னால இருந்தாங்க. தல பூரா நரச்சிருச்சு. என்னக் கண்டதும், "அய்யோ சாரு! வாங்க சார், வாங்க"ன்னு ஓடியாந்து நாற்காலிய முந்தானையில தொடச்சுப் போட்டாங்க. காப்பி வெக்கப் போனாங்க. வேண்டாமுங்கன்னு நின்னுக்கிட்டே சொன்னேன்.

"அம்மா, திலகாவுக்கு அன்னிக்குச் சாப்பாட்டுனால ஒண்ணும் ஆகலீங்க. தலையில அடி பட்டுச்சு. ரெண்டு தடவ. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஆட வெச்சேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

திட்டுவாங்கன்னு நெனச்சேன். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கோணும்னுதான் போனேன். அந்தம்மா அடுப்பங்கரை கதவு நெலையப் புடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் மெதுவாக் கேட்டாங்க. "அப்ப என்ற புளிச்சோத்துல ஒண்ணும் இல்லீங்களா சார்?"

எனக்கு முதல்ல வெளங்கலீங்க. போட்டிக்குக் கிளம்புன அன்னிக்கு ரயிலுக்குப் புளிச்சோறு கட்டிக் குடுத்து விட்டிருக்கறாங்க. மூணு நாளைக்குக் கெடாதுன்னு நல்லெண்ணெய் ஊத்திக் கட்டுன சோறு. 'சாப்பாடு ஒத்துக்கல'ன்னு நான் சொன்னது அந்தச் சோத்தத்தான்னு எடுத்துக்கிட்டாங்க. இருபத்தஞ்சு வருசமா. அன்னிக்கிருந்து அந்த ஊட்டுல புளிச்சோறு கெளறுனதே இல்லையாமா. பொன்னு மாதிரி இருந்த புள்ளையச் சோத்தப் போட்டே கெடுத்துப்போட்டயேன்னு கருப்பணன் சொல்லாத நாளு இல்லையாமா. பேரனுக்கு இஸ்கூலுக்குச் சோறு கட்டக்கூடக் கை வராதாமா, திலகாதான் கட்டறாளாமா.

அந்த ஒரு வார்த்தைய நான் யோசிச்சுக்கூடச் சொல்லலீங்க தம்பி. வாயில வந்துச்சு, சொன்னேன்.

"இல்லீங்கம்மா. உங்க சோத்துல ஒண்ணுமில்ல"ன்னேன்.

அந்தம்மா என்ற கையப் புடிச்சாங்க. புடிச்சு இழுத்துக்கிட்டு உள் ரூமுக்குப் போனாங்க. அங்க கட்டில்ல கருப்பணன் உக்காந்திருக்கறாரு. நாப்பது வருசம் தறிச் சத்தத்துல நின்னு காது ரெண்டும் போச்சு. என்னப் பாத்துக் கும்புட்டாரு. எந்திரிக்கப் பாத்தாரு.

"அவருகிட்டச் சொல்லுங்க சார். சத்தமாச் சொல்லுங்க, காது கேக்காது"ன்னாங்க ராஜாமணியம்மா.

முப்பத்தஞ்சு வருசம் மைதானத்துல கத்துன தொண்டை இது. அந்தக் கோடிக்கு இந்தக் கோடி கேக்கும். அன்னிக்கு எந்திரிக்கலீங்க. காத்துதான் வந்துச்சு. "என்னங்கறாரு?"ன்னு அவரு பொண்டாட்டியக் கேக்கறாரு. "சத்தமா, சார்"ங்கறாங்க அந்தம்மா.

கத்துனேன். "திலகாவுக்குத் தலையில அடி பட்டுச்சுங்க! நான் மறச்சுட்டேன்!"

"சோறா?"ன்னாரு அவரு.

"சோறு இல்லீங்க! அடி! தலையில அடி! நாந்தான் பொய் சொன்னேன்!"

பக்கத்து ஊட்டுல தறி நின்னு போச்சு. சன்னல்ல ரெண்டு மூணு தல தெரிஞ்சுது. அவரு பொண்டாட்டியப் பாக்கறாரு, என்னப் பாக்கறாரு, அவருக்கு இன்னும் முழுசாப் போயிச் சேரல. நான் சேலத்துக்குக் கேக்கற மாதிரி இன்னொருக்காக் கத்துனேன். எனக்கு அழுகை வந்துருச்சு, கத்தறதும் அழறதும் ஒண்ணாகிப் போச்சு.

அப்பத்தான் திலகா வேலையிலிருந்து வந்திருக்கறா. வாசப்படியில நின்னு, ஒரு கையாலக் காதப் பொத்திக்கிட்டு, "போதும் சார். விடுங்க சார், போதும்"னா. நான் நிறுத்துனேன்.

ராஜாமணியம்மா மகளப் பாத்தாங்க. புருசனப் பாத்தாங்க. அந்தாளு வாயத் திறக்கப் போனாரு, அவரக் கையமத்திப்போட்டாங்க. அப்புறம் சன்னல்கிட்டப் போயி, பாதி சாத்தியிருந்த கதவ நல்லா அகலத் திறந்து வெச்சாங்க.

"இன்னொருக்காச் சொல்லுங்க சார்"ன்னாங்க.

சொன்னேனுங்க.